உன் திருத்தத்தை நிறுத்திவைத்த ஆள்

ஸ்ரீபால், சாப்பிட்டு முடித்துவிட்டு இதைப் படி. படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் உனக்கு இறங்காது, பழி என் மருமகள் சுகன்யாவின் சமையல்மேல் விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, நீயும் காலேஜ விட்டுட்ட. அங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கீங்க? வீட்டப் பூட்டிட்டு பெங்களூர் வந்துடுங்க. இங்க ஒரு ரூம் காலியாத்தான் கெடக்குது" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா போனை வாங்கி, "யோசிச்சு சொல்றோம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மாவுக்கு ஊரை விட்டு வர மனமில்லை என்று நீ நினைத்திருப்பாய். அதெல்லாம் ஒன்றுமில்லை. நம் வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயேதான் இருக்கப் போகிறது. என்னைத் தைத்தது அந்தச் "சும்மாதானே". அதற்கும் பின்னால் இன்னொன்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதெல்லாம் எழுத எனக்குச் சுலபமாக இருக்கும். எனக்கு உன்மேல் பொறாமை.

இப்படி எழுதப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னாம்மா பேசற நீ? பெத்த புள்ள மேல எவளாவது பொறாமைப்படுவாளா? அடுத்த வீட்டுப் புள்ள மேல படு, நாயம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெருமைன்னு எழுதேன், ரெண்டும் ஒண்ணுதானே" என்றும் சொன்னார். ரெண்டும் ஒன்றில்லை. பெருமையை நான் சொந்தக்காரர்களிடமும் பால்காரரிடமும் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். இந்தப் பொறாமையை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு எதைப் பார்த்து எரிகிறேன் என்பதே புரியாது.

உனக்குத் தெரிந்த அம்மா, கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு கல்லூரியிலிருந்து வீடு திரும்பியவள். நீ பிறப்பதற்கு முன்பும், உனக்கு மூன்று வயது ஆகும் வரையும், நான் பெங்களூரில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தேன் என்பது உனக்குச் செய்தியாகத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மழை எங்கே பெய்யும் என்று கணக்குப் போட ஒரு கணினி போதாது. நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கணினி என்று ஒப்படைப்போம். ஒவ்வொன்றும் தன் கணக்கைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்திடம் தன் எல்லையில் காற்று எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அந்தச் சேதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நிரல்தான் கம்யூனிகேஷன் லைப்ரரி. அதை எழுதுகிற குழுவில் நான் ஒருத்தி. இதெல்லாம் உனக்கு அத்துப்படி என்று தெரியும். அப்பாவும் இதைப் படிக்கப் போகிறார், அவருக்கும் விளங்கட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவருக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன் என்பது மட்டும்தான்.

ஸ்வெட்டர் உண்மைதான். மெஷின் ரூம் அப்படிக் குளிரும். கணினிகளை அடுக்கிய ரேக்குகள் அலமாரி போல வரிசையாக நிற்கும். மூன்றாவது ரேக் என் பொறுப்பு. நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே, அதனால் மற்றவர்கள் மாலை டீ குடிக்கிற நேரத்தில் நான் கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "மேடத்துக்கு மட்டும் சூரியன் சாட்சி வேணும்" என்று கிண்டல் செய்வார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி ரேக்கிடம் போய் நிற்பேன். இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு சேதி போய்ச் சேர்கிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாது. பிறகு உன் அப்பாவுக்கு இங்கே கலெக்டர் ஆபீஸில் வேலை வந்தது. நானும் வந்தேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துவரவில்லை, நானே யோசித்துத்தான் வந்தேன், அதில் எனக்கு யார்மேலும் வருத்தம் இல்லை. ஆனால் நீ முதல் வேலையில் சேர்ந்து, "அம்மா, கம்யூனிகேஷன் லைப்ரரி டீம்ல போட்டுட்டாங்க" என்று போனில் கத்தினாயே, அன்று தெருவில் எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தேன். கைதான் கொடுத்தது. உள்ளே, அது என் இடம், அதில் இவன் போய் உட்கார்ந்துவிட்டான் என்று ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு உன் வேலையைப் பற்றி நீ சொன்ன ஒவ்வொன்றும் என்னைக் கிள்ளியது. நாங்கள் எங்கள் மெஷினுக்கென்று தனியாகக் கேபிள் போட்டு, அதற்கென்று நிரல் எழுதினோம். வாடகைக்குக் கிடைக்கிற கணினிகளில் நீ அதே வேலையைச் செய்கிறாய். கிளவுட். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கிற ஒரு நெட்வொர்க்கில், ஒரு புயலின் கணக்கை ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓடவைக்க வேண்டும். பழைய லைப்ரரியை அந்தப் புது நெட்வொர்க் கார்டுகளுக்குப் பழக்க வேண்டும். இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நீயோ அதைப் பற்றி "ஆபீஸ் டென்ஷன்" என்று அலுத்துக்கொள்வாய். பசிக்கிறவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, பாயசத்தில் முந்திரி கம்மி என்று குறை சொல்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

இப்போது அந்த விருந்து விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணம் முடிந்த அடுத்த மாதம், ஊர்ச் சொந்தங்களுக்கு நம் வீட்டில் வைத்தோமே, அது. ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் பார்த்தோம். பௌர்ணமியும் அன்றுதான் என்பதைக் கார்டு அடித்த பிறகுதான் பார்த்தோம். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு தப்பு. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கை நனைத்துவிட வேண்டும், அதனால் சரியான நேரத்தில் இலை போட வேண்டும். அப்பா சமையல்காரரிடம் ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தார். "எங்க அண்ணன் வந்துட்டார்னா எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம். உடனே எலையப் போடு." அதில் தப்பே இல்லை. உன் பெரியப்பா எந்த விசேஷத்துக்கும் எல்லோரையும் வண்டியேற்றிவிட்டு, வீடு வீடாகப் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக வருகிறவர். அவர் தலை தெரிந்தால் பின்னால் யாரும் இல்லை.

அன்று கிரிவலக் கூட்டத்துக்காக, சொந்தக்காரர்கள் வந்த வேன்களைப் போலீஸ் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது. தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நம் ஆட்கள் கூட்டத்தில் சிதறி, ஒருவர் ஆட்டோவில், ஒருவர் நடந்து, ஒருவர் வேறெந்தத் தெரு வழியாகவோ என்று வந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் வயதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் தன் பைக்கிலேயே ஏற்றி வந்து நம் வாசலில் இறக்கிவிட்டார். அவர்தான் முதல் ஆள். "அண்ணன் வந்துட்டாரு! போடுங்க எலைய!" என்று உன் அப்பா போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. சாம்பார் ஊற்றியாகிவிட்டது, உட்கார ஆளில்லை. பெரியப்பா மட்டும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாடா தம்பி, பந்தி பூரா எனக்கேவா?" என்று கேட்டார். மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டது. பெரியவர்கள் யாரும் தொடவில்லை, பசியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். சுகன்யாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நீ வந்தாயே. முன் அறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டு, உன் டீமில் இருக்கிற மேகாவிடம் பேசினாய். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உங்கள் கணக்கு கிளவுடில் எப்போதாவது ஒரு முறை தப்பான விடை கொடுக்கிறது, பழைய நெட்வொர்க்கில் ஓட்டினால் சரியாக வருகிறது, மாதக்கணக்காக யாருக்கும் காரணம் தெரியவில்லை. அது என் காதில் விழுந்ததுமே கீரை கையிலேயே நின்றுவிட்டது. அப்போது நீ மேகாவிடம், "இரு, எங்க வீட்டு விருந்துல ஒரு காமெடி நடந்துச்சு, அதச் சொல்றேன், உனக்குப் புரிஞ்சுடும்" என்று ஆரம்பித்தாய். பழைய நெட்வொர்க்கில் ஒரு சேதியின் துண்டுகள் ஒரே வழியில் வரிசையாக வரும், அதனால் சேதியின் கடைசி எழுத்து வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும், முழுச் சேதியும் வந்துவிட்டதாக லைப்ரரி எடுத்துக்கொள்கிறது. கிளவுடின் கார்டு ஒரே சேதியைத் துண்டாக்கிப் பல வழிகளில் அனுப்புகிறது. எல்லாம் வந்து சேரும், ஆனால் வரிசையில் வராது. கடைசித் துண்டு முதலில் வந்துவிட்டால் லைப்ரரி இலை போட்டுவிடுகிறது. பாதிச் சேதி இல்லாமலேயே கணக்கு ஓடிவிடுகிறது. "பெரியப்பா பைக்ல வந்துட்டாரு மேகா!" என்று நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள் போலிருக்கிறது.

ஸ்ரீபால், அந்தக் கதை என்னுடையது. கல்லூரியை விடுவதற்கு முன்னால் கடைசி வருட மாணவர்களுக்கு, துண்டுகள் வரிசை மாறி வரலாம் என்பதை இதே பெரியப்பாவை வைத்துத்தான் விளக்கினேன். நீ என்னிடம் கேட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீயாகவே யோசித்துப் பிடித்திருக்கிறாய், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எங்கள் பழைய மெஷினில் நாங்களும் கடைசி எழுத்தைப் பார்க்கிற அதே தந்திரத்தைத்தான் வைத்திருந்தோம், அந்த வயரில் அது நன்றாகவே ஓடியது. அது எங்கே உடையும் என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அதை நீ என் வீட்டிலேயே, நான் இருக்கும்போதே, என்னை விட்டுவிட்டுப் போனில் ஒரு பெண்ணோடு பங்கு போட்டுக்கொண்டாய். மேகா நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். அவள்மேலும் எனக்குப் பொறாமைதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ போனை வைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னடா பிரச்சினை?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஒண்ணுமில்லம்மா, நெட்வொர்க் விஷயம். அது உன் காலத்து மெஷின் மாதிரி இல்ல, ரொம்ப மாறிடுச்சு. சொன்னாலும் புரியாது. காபி இருக்கா?" காபி கொடுத்தேன். வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அடுத்த போன் வந்து, பேசிக்கொண்டே அதையும் முழுக்கக் குடித்துவிட்டாய். உனக்கு அதுகூடத் தெரியவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ பெங்களூர் போன மறுநாளே நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். உங்கள் லைப்ரரி எல்லோருக்கும் திறந்திருப்பதுதானே. யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம், அடுத்தவர் திருத்தத்தைச் சரிபார்த்துக் கருத்து எழுதலாம். படிக்க ஆரம்பித்தேன். பெங்களூரில் மெஷினில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வாரக்கணக்கில் வரிசையில் காத்திருந்திருக்கிறேன். இப்போது அந்தப் புது கார்டு உள்ள கணினிகளே, மிளகாய் அரைக்கக் கொடுத்துவிட்டு வருவதற்குள் வாடகைக்குக் கிடைத்துவிடுகின்றன. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ இருக்கிற கணினிகளை ஒன்றோடொன்று பேசவைத்தேன். முதல் சேதி போய்ச் சேர்ந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அப்பா என்ன ஏது என்று கேட்டார். முதுகு பிடித்துக்கொண்டது என்றேன்.

நம் பக்கம் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்துகிற நாட்களில், பஸ் பிடித்துச் செங்கம் ரோட்டுக்குப் போய்விடுவேன். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் உட்காருகிற கடைகளில் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோ, மலையைப் பார்த்துக்கொண்டோ அமைதியாக இருப்பார்கள். நடுவில் நான் உன் நிரலை வரி வரியாகப் படித்து வெந்துகொண்டிருப்பேன். டீ கொண்டுவந்த பெண் ஒரு நாள், "நீங்க இன்னா தியானம் பண்றீங்கம்மா? டெய்லி வர்றீங்க, மூஞ்சி மட்டும் கோவமா இருக்குது" என்று கேட்டாள். "இது வேற மாதிரி தியானம்மா" என்றேன். நன்றாக எழுதியிருந்தாய், அதுதான் கோபம். எங்கேயாவது சோம்பல்பட்டிருப்பாய், ஒரு இடத்திலாவது பிடிக்கலாம் என்று தேடித் தேடிப் படித்தேன்.

ஒரு இடம் கிடைத்தது. கடைசித் துண்டைப் பார்க்கிற பழக்கத்தை எடுத்துவிட்டு, வந்து சேர்ந்த துண்டுகளை எண்ணுகிற மாதிரி மாற்றியிருந்தாய். எத்தனை அனுப்பினார்களோ அத்தனை வந்ததும் சேதி முழுசு என்று கணக்கு. நல்ல யோசனை. ஆனால் ஒரு சேதி வந்துகொண்டிருக்கும்போதே அதே இடத்திலிருந்து அடுத்த சேதியும் கிளம்பிவிட்டால், இதன் துண்டை அதன் கணக்கில் சேர்த்துவிடுவாய். எண்ணிக்கை சரியாக இருக்கும், சேதி தப்பாக இருக்கும். திருத்தத்தின் கீழே நாலே வரி எழுதிப்போட்டு, இதை ஏற்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தேன்.

ஆமாம். ரேக் த்ரீ என்ற பெயரில் உன் திருத்தத்தை நிறுத்திவைத்தது நான்தான்.

முதலில் நீ மதிக்கவில்லை. அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டாய். அப்படி நடக்கவைக்கிற ஒரு சின்ன நிரலை எழுதி அனுப்பினேன். அதற்கப்புறம் உன் பதில்களின் தொனியே மாறியது. நன்றி வந்தது, கேள்வி வந்தது, நான் எழுதியதில் எனக்கே தெரியாத ஒரு ஓட்டையை நீ காட்டியதும் நடந்தது. இரண்டு மாதம் அப்படி எழுதிக்கொண்டிருந்தோம். என் ஆயுளில் உன்னோடு இவ்வளவு பேசியதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் நாம் இருவரும் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய், தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்பதுதானே. காலையில் அப்பாவுக்கு இட்லி ஊற்றிவைத்துவிட்டு, உன் பதில் வந்திருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

பிறகு, இதற்கெல்லாம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். "யாருன்னே தெரியலப்பா. ரேக் த்ரீன்னு பேரு வெச்சிருக்காரு. வயசானவரா இருக்கணும். செம மண்டை! நாலு வரி எழுதுனாரு, எங்க டீம் மொத்தமும் ஆடிப்போச்சு. இப்படி ஒருத்தர்கிட்ட உக்காந்து வேல கத்துக்கணும்ப்பா, அதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்." நான் அப்பாவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பாய். அந்த ரேக் த்ரீமேல் எனக்கு வந்த பொறாமை, உன்மேலும் மேகாமேலும் வந்ததைவிட ஜாஸ்தி. உன் குரலில் அந்த மரியாதையை நான் கேட்டதே இல்லை. அது எனக்கு வந்த மரியாதைதானே என்று மனசுக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மனசு கேட்கவில்லை. அது யாரோ ஒரு "அவருக்கு" வந்தது. துணி மடிக்கிறவளிடம் நீ கடைசியாக, "அம்மா, கால் வலிக்கு மாத்திரை போடறியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அன்பாகத்தான் கேட்டாய். நான் அறையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன வாரம் நீ திருத்தத்தைச் சரிசெய்து மறுபடி அனுப்பினாய். முதல் சேதி முழுக்க வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்ப வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டிருப்பாய், அதனால் வேகம் போயிருக்கும், குத்திக்காட்டலாம் என்று ஆவலாகத் திறந்தேன். நீ அப்படிச் செய்யவில்லை. அந்த கார்டு ஒவ்வொரு துண்டோடும் ஒரு சின்ன எண்ணை ஏற்றிவிட இடம் கொடுக்கிறது, அதில் சேதியின் எண்ணைப் போட்டுவிட்டாய். எந்தத் துண்டு எப்போது வந்தாலும் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அது தோன்றியிருக்காது. எங்கள் கார்டில் அப்படி இடமே கிடையாது, அதனால் என் மூளை அந்தப் பக்கமே போகாது. என் நிரலை வைத்து எல்லா விதத்திலும் உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, சம்மதம் என்று போட்டேன். என் கையால் நான் போட்ட கையெழுத்துகளிலேயே கஷ்டமானது அதுதான். நன்றாகச் செய்திருக்கிறாய்டா. இதை ரேக் த்ரீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பெரியவளாக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சுகன்யா இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள், வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் தப்பித்தவறிக்கூட "நீ வீட்டுலதானே இருக்கே" என்று சொல்லிவிடாதே. நீ எதுவும் கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் அவளும் ஏதோ ஒரு வேலையில் கால் பாவாமல் நின்றவளாக இருப்பாள். அது என்ன வேலை என்று உட்கார்ந்து கேள். பாதி புரியாவிட்டாலும் கேள். எங்களுக்குள் அந்த வழக்கமே இல்லாமல் போய்விட்டது, அப்பாவுக்கு நான் இன்னும் ஸ்வெட்டர் போட்டவள்தான். நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள்.

முந்தாநாள் ரேக் த்ரீக்கு உன்னிடமிருந்து ஒரு மெயில் வந்தது. டியர் சார் என்று தொடங்கி, உங்கள் கம்பெனியில் உன் டீமுக்கு ஆலோசகராக வர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். உங்கள் அனுபவம் எங்களிடம் யாருக்கும் இல்லை, உங்கள் நேரம் எவ்வளவு விலைமதிப்பானது என்று எங்களுக்குத் தெரியும், எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம், நீங்கள் சம்மதித்தால் அது எனக்குக் கிடைக்கிற பெரிய பாக்கியம் என்று எழுதியிருக்கிறாய். பல தடவை படித்துவிட்டேன். இன்று காலை அப்பாவிடமும் படித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, அந்த ரேக்குல அப்படி இன்னாதான் இருந்துச்சு? சொல்லு, கேக்கறேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் ரேக் வரைக்கும் வந்திருக்கிறோம்.

ஆக, ஒரே வாரத்தில் உன்னிடமிருந்து எனக்கு இரண்டு அழைப்பு. ஒன்றில் அம்மாவுக்குக் காலியாகக் கிடக்கிற ஒரு ரூம். மற்றதில் யாரென்றே தெரியாத ஒரு சாருக்கு நீ விரிக்கிற கம்பளம். அந்த வேலை எனக்கு வேண்டும், ஸ்ரீபால். வாய்விட்டே சொல்கிறேன், இருபத்தைந்து வருஷமாக வேண்டும். உனக்கும் சுகன்யாவுக்கும் பக்கத்தில் இருக்கவும் எனக்கு ஆசைதான். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மெயிலை மறுபடி எழுது. டியர் சார் என்று இருக்கிற இடத்தில் அம்மா என்று போடு. மற்றபடி ஒரு வார்த்தைகூட மாற்றாதே, குறைக்காதே. உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். எழுதி அனுப்பினால் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

எழுத முடியவில்லை என்றாலும் உன் வேலை நிற்காது, பயப்படாதே. ரேக் த்ரீ இங்கிருந்தே உன் டீமில் சேர்ந்துவிடுவார். அம்மாதான் வர மாட்டாள்.